சட்டம்னா என்ன, எதுக்கு, எத்தனை வகை? நோட்ஸ் மண்டைல ஏறல, யாராவது சொல்லுங்க

கெடிலக்கரை:
வணக்கம் மக்களே. 36 வயசுல மூணு வருஷ சட்டப்படிப்புல சேர்ந்திருக்கேன், வீட்ல "பையனுக்கும் அப்பனுக்கும் ஒரே மாசத்துல பரீட்சை"ன்னு ஓட்றாங்க, அது கிடக்கட்டும். முதல் செமஸ்டர்லயே சட்டத்தோட இயல்பு, நோக்கம், வகைப்பாடுன்னு ஒரு பாடம். நோட்ஸைத் திறந்தா ஆஸ்டின் இப்படிச் சொன்னார் சால்மண்ட் அப்படிச் சொன்னார், அப்புறம் பொதுச்சட்டம், தனியார்சட்டம், சிவில், கிரிமினல், உரிமையைச் சொல்ற சட்டம், நடைமுறையைச் சொல்ற சட்டம்னு மளிகைக்கடை சீட்டு மாதிரி நீளுது. மனப்பாடம் பண்ணி எழுதிடலாம், பிரச்சினை அது இல்ல. தினம் கடலூர்லேர்ந்து பஸ்ல புதுச்சேரி போயிட்டு வரேன், நடுவுல எத்தனை தடவை தமிழ்நாடு புதுச்சேரின்னு மாறுதுன்னு எனக்கே எண்ணிக்கை தப்புது, அங்க சரியா இருக்கறது இங்க தப்பா இருக்கு. அப்ப சட்டம்னா என்னதான்? வகை பிரிச்சு யாருக்கு என்ன லாபம்? பரீட்சைக்கு இல்ல, புரியற மாதிரி வேணும்.

வெள்ளிக்கடற்கரை:
ஒரே வார்த்தை. லத்தி. யார் கைல லத்தி இருக்கோ அவன் சொல்றது சட்டம். பாஸ் மார்க் போட்டுக்கோ தம்பி.

பழைய_நாசர்:
மேல எழுதினவர் விளையாட்டுக்கு சொன்னாலும் ஆஸ்டின் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். மேல ஒருத்தன் இருக்கான், அவன் ஆணை போடறான், மீறினா தண்டனை, அதுதான் சட்டம்னார் அந்த இங்கிலீஷ்காரர். நான் கோர்ட்டுல 31 வருஷம் குப்பை கொட்டினவன், வக்கீல் கிடையாது, அதனால தப்பா சொன்னா திருத்துங்க. என் கேள்வி ஒண்ணுதான், லத்திதான் சட்டம்னா கத்தியைக் காட்டி போனைப் பிடுங்கறவனும் ஆணைதான் போடறான், மீறினா குத்தறான், அவன் சொல்றதும் சட்டமா? வீட்டு வரி கட்டலன்னா நகராட்சியும் நோட்டீஸ் விடுது. ரெண்டு பேரும் காசு கேக்கறான். ஆனா வரி கேக்கறவனை நாம திட்டுவோமே தவிர திருடன்னு புகார் குடுக்கறது இல்ல. ஏன்? அவனுக்கு அந்த அதிகாரத்தைக் குடுத்தது இன்னொரு சட்டம், அந்தச் சட்டத்தைப் போட அசெம்பிளிக்கு அதிகாரம் குடுத்தது அரசியல் சட்டம், இப்படி மேல மேல ஒரு ஏணி இருக்கு. கத்திக்காரனுக்கு அந்த ஏணி இல்ல.

வெள்ளிக்கடற்கரை:
//கத்திக்காரனுக்கு அந்த ஏணி இல்ல//
ஏணி வெச்சிருக்கறவனும் கடைசில கத்திதான் எடுக்கறான் சார். கடலூர் எல்லைல ஆல்பேட்டை செக்போஸ்ட்டுல போய் நின்னு பாருங்க. புதுச்சேரில பில்லு போட்டு வாங்கின பாட்டில், நாலு கிலோமீட்டர் அந்தாண்ட வியாபாரம், இந்தாண்ட குற்றம். அதே பாட்டில், அதே ஆள். அந்தப் பக்கம் 18 வயசு ஆனா குடுக்கறான், இந்தப் பக்கம் 21. குடிக்கறது தப்புன்னா ரெண்டு பக்கமும் தப்பா இருக்கணும்ல?

பாகூர்_வக்கீல்:
நல்ல உதாரணம் அண்ணே, ஆனா நீங்க நினைக்கறதுக்கு எதிரா போகுது. கொலை எந்தப் பக்கம் பண்ணாலும் கொலை, யாரும் சட்டம் போட்டு சொல்லித்தான் அது தப்புன்னு தெரியணும்னு இல்ல. பாட்டில் அப்படி இல்ல, சட்டம் தப்புன்னு சொன்னதால மட்டும் தப்பு. குற்றத்துலயே இப்படி ரெண்டு சாதி இருக்கு, தன்னாலேயே தப்பானது ஒண்ணு, தடை போட்டதால தப்பானது ஒண்ணு. மது அரசியல் சட்டத்தோட 7வது அட்டவணைல மாநிலப் பட்டியல்ல, அதாவது மாநிலம் சட்டம் போடற விஷயங்கள்ல இருக்கு, அதனால தமிழ்நாடு 1937லேர்ந்து மதுவிலக்குச் சட்டம்னு ஒண்ணு தனியா வெச்சிருக்கு, புதுச்சேரிக்கு தனி சட்டசபை இருக்கறதால அது தனியா வெச்சிருக்கு. ஹெல்மெட்டைப் பாருங்க, மோட்டார் வாகனச் சட்டம் 1988 மத்திய சட்டம், ரெண்டு பக்கமும் ஒரே பிரிவு, ஒரே வாசகம். ஆனா ரொம்ப நாளா கடலூர்லேர்ந்து ஹெல்மெட்டோட வரவன் எல்லை தாண்டினதும் கழட்டி கைல மாட்டிக்குவான். பாட்டில்ல சட்டம் வேற வேற. ஹெல்மெட்ல சட்டம் ஒண்ணு, பிடிக்கறவன் வேற வேற. இந்த ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பினீங்கன்னா இயல்பும் புரியாது வகையும் புரியாது.

பத்திரக்காரர்:
நான் கடலூர்ல பத்திரம் எழுதறவன், 22 வருஷமா ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்தான் நமக்கு ஆபீஸ். லத்தி கதைக்கு ஒரு விஷயம் சொல்றேன். போன மாசம் ஒரு பெரியவர் வந்தாரு, அவரே ஒரு நோட்டுல உயில் எழுதி கையெழுத்து போட்டு வெச்சிருக்காரு, அழகான கையெழுத்து, ஒரு அடிச்சல் திருத்தல் இல்ல, ஆனா சாட்சி ஒருத்தர்தான். உயிலுக்கு ரெண்டு சாட்சி வேணும், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 அப்படித்தான் சொல்லுது. இப்ப அவரை யாராவது ஜெயில்ல போட்டாங்களா? அபராதம் போட்டாங்களா? ஒண்ணும் இல்ல. அந்தப் பேப்பர் செல்லாது, அவ்வளவுதான். சட்டத்துல முக்கால்வாசி இந்த மாதிரிதான், இப்படி செஞ்சா நீ நினைக்கறது நடக்கும், செய்யலன்னா நடக்காதுன்னு வழி சொல்றது. கல்யாணப் பதிவு, விற்பனை, அடமானம், கம்பெனி ஆரம்பிக்கறது எல்லாம் அந்த ரகம். லத்திக்கு இங்க வேலையே இல்ல. (பெரியவருக்கு புதுசா எழுதிக் குடுத்தாச்சு, ஒரு சாட்சி டீக்கடைக்காரர், இன்னொண்ணு நான்.)

கெடிலக்கரை:
பத்திரக்காரர் சார் இது எங்க புக்ல இல்ல, ஆனா இப்பத்தான் ஏதோ புரியற மாதிரி இருக்கு. அப்ப சிவில் கிரிமினல் பிரிவு? ஒரு விஷயம் சிவிலா கிரிமினலான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

பழைய_நாசர்:
அதுலதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க தம்பி. விஷயம் சிவில் கிரிமினல்னு பிறக்கறது இல்ல, நீ எந்தக் கதவைத் தட்டறன்றதுதான் சிவில் கிரிமினல். ஒண்ணு சொல்றேன் கேளு. கன்னியக்கோயில் பக்கம் ஒருத்தன் பைக்ல போறான், பின்னாடி வந்த கார் தட்டிடுது, கால் முறிவு. நடந்தது ஒரே சம்பவம், ரெண்டு நிமிஷம். ஆனா கோர்ட்டுல அது எத்தனை கட்டா உருவாகும் தெரியுமா? போலீஸ் எஃப்ஐஆர் போட்டா அரசாங்கம் வெர்சஸ் டிரைவர், அது கிரிமினல். 2024 ஜூலை 1க்கு முன்னாடின்னா இபிகோ 279, 338. அதுக்கப்புறம் பாரதிய நியாய சன்ஹிதால 281, 125. அதே ஆள் நஷ்டஈடு கேட்டு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துல மனு போட்டா அது சிவில் ரகம், அங்க எதிராளி டிரைவர், ஓனர், இன்ஷூரன்ஸ் கம்பெனி. மூணாவதா ஆர்டிஓ லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணலாம், அது நிர்வாகம். ஒரே ரத்தம், மூணு ஃபைல். கிரிமினல்ல டிரைவர் விடுதலை ஆனாலும் நஷ்டஈடு கிடைக்கும், ஏன்னா கிரிமினல்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், நஷ்டஈட்டுல இது நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு காட்டினா போதும். இது தெரியாம "கேஸ்ல விட்டுட்டாங்க, இனி காசு வராது"ன்னு வீட்ல உட்கார்ந்துட்ட ஆளுங்களை நான் கவுண்டர்லயே பாத்திருக்கேன், மனசு கேக்காம கூப்பிட்டு சொல்லி அனுப்பியிருக்கேன்.

அப்புறம் இன்னொண்ணு, விபத்து புதுச்சேரி எல்லைல நடந்தாலும் நீ கடலூர்ல குடியிருந்தா நஷ்டஈடு மனுவை கடலூர்லயே போடலாம். இதுக்குப் பேர்தான் நடைமுறைச் சட்டம். உனக்கு உரிமை இருக்குன்னு சொல்றது ஒரு சட்டம், அதை எங்க, எப்ப, எந்த ஃபாரத்துல கேக்கணும்னு சொல்றது இன்னொரு சட்டம். புக்ல ரெண்டு வரில முடிச்சிருப்பான். வாழ்க்கைல பாதி கேஸ் தோக்கறது ரெண்டாவதுல.

வெள்ளிக்கடற்கரை:
நடைமுறைச் சட்டத்தைப் பத்தி என்கிட்ட கேளுங்க சார். கூடப் படிச்சவன்னு நம்பி 80,000 குடுத்தேன், ப்ரோநோட்டு வாங்கினேன், கையெழுத்து அவனோடது, வாங்கலன்னு அவனே சொல்லல. மகள் கல்யாணம் முடியட்டும்னான், சரின்னேன். அறுவடை முடியட்டும்னான், சரின்னேன். நாலாவது வருஷம் வக்கீலைப் பார்த்தா "மூணு வருஷம் தாண்டிடுச்சு, லிமிடேஷன் போச்சு"ங்கறார். பொறுமையா இருந்தவனுக்கு தண்டனை, இழுத்தடிச்சவனுக்கு பரிசு. சட்டத்தோட நோக்கம் நீதின்னு இனிமே யாரும் என்கிட்ட சொல்லாதீங்க.

பாகூர்_வக்கீல்:
அண்ணே வருத்தமா இருக்கு. இப்பத்தான் உங்க லத்தி எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரியுது. ஆனா நீங்க சொன்னது சட்டத்தோட நோக்கத்தைப் பத்தி புக்கை விட நல்ல பாடம். நோக்கம் நீதி மட்டும் இல்ல. தகராறு ஒரு நாள் முடியணும், அதுவும் ஒரு நோக்கம். இருபது வருஷம் கழிச்சு ஒருத்தன் பழைய நோட்டைத் தூக்கிட்டு வந்தா, எழுதினவன் செத்திருப்பான், சாட்சி செத்திருப்பான், பணம் திருப்பிக் குடுத்த ரசீது கரையான் தின்னிருக்கும், அப்ப யார் சொல்றது உண்மைன்னு எந்த ஜட்ஜ் கண்டுபிடிப்பார்? அதுக்குத்தான் கெடு. சில நேரம் நீதியும் நிம்மதியும் சண்டை போடும், சட்டம் நிம்மதி பக்கம் சாயும், அதுல உங்கள மாதிரி ஆள் நசுங்குவாங்க, அதை நான் மறுக்கல.

ஆனா ஒண்ணு கவனிங்க, கெடு தாண்டினா வழக்குதான் சாகுது, கடன் சாகறது இல்ல. அவர் தானா குடுத்தா வாங்கிக்கலாம். கெடு தாண்டின கடனையும் குடுக்கறேன்னு புதுசா எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தா ஒப்பந்தச் சட்டம் 25வது பிரிவுல அது செல்லும். அந்த ஆள் இன்னும் உங்களைப் பாத்தா தலை குனியறாரா? குனிஞ்சா ஒரு தடவை பேசிப் பாருங்க.

வெள்ளிக்கடற்கரை:
தலை குனியறான். ரோட்டையே மாத்திக்கறான். பாக்கறேன்.

சொல்தாபேத்தி:
இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், எல்லாரும் எல்லையைப் பத்தியே பேசறீங்க, ஆனா புதுச்சேரிக்குள்ளயே ஒரே தெருவுல ரெண்டு சட்டம் ஓடறதை யாரும் சொல்லலையே. எங்க குடும்பம் ரெனோன்சான். அப்படின்னா என்னன்னு கடலூர்க்காரங்களுக்கு தெரியாது, புதுச்சேரிலயே இப்ப சின்னப் பசங்களுக்கு தெரியாது. 1819ல பிரெஞ்சுக்காரன் அவனோட சிவில் சட்டத்தை இங்க கொண்டு வந்தப்ப, இந்தியர்களை அவங்கவங்க சாதி வழக்கப்படியே விசாரிக்கணும்னு சேர்த்தே எழுதினான். அப்புறம் 1881 செப்டம்பர் 21ல ஒரு ஆணை போட்டாங்க. யார் வேணும்னாலும் தன் சாதி வழக்கத்தையும் சொந்தச் சட்டத்தையும் விட்டுட்டேன்னு அதிகாரி முன்னாடி எழுதிக் குடுத்துட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வரலாம், குடும்பப் பேர் ஒண்ணு வெச்சுக்கணும், ஒரு தடவை விட்டா விட்டதுதான், திரும்பப் போக முடியாது. எங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா அப்படிப் போனவர். ஏன் போனார்னு எங்க பாட்டி ஒரே வரில சொல்வாங்க, "செருப்பு போட்டு நடக்கத்தான்".

அது சும்மா பேச்சு இல்ல. பொன்னுத்தம்பிப் பிள்ளைன்னு இங்க ஒரு வக்கீல், 1873ல பூட்ஸ் காலோட கோர்ட்டுக்குள்ள போனாருன்னு தண்டிச்சாங்க, அவர் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சார். பின்னாடி சொந்தச் சட்டத்தை விடற இயக்கத்துக்கே முன்னாடி நின்னவர், லபோர்த்னு பேர் வெச்சுக்கிட்டவர். அந்தப் பேர்ல தெருவே இருக்கு. உங்க பாடத்துல சட்டத்தோட நோக்கம்னு ஒழுங்கு, நீதின்னு போட்டிருப்பாங்க. எங்க வீட்ல நோக்கம் செருப்பு.

கெடிலக்கரை:
மேடம் இப்பவும் அந்த பிரெஞ்சு சட்டம் உங்களுக்கு செல்லுமா? பிரெஞ்சுக்காரன் போயே 60 வருஷம் தாண்டியாச்சே?

சொல்தாபேத்தி:
செல்லும் தம்பி. நாங்க இந்தியப் பிரஜைதான், பாஸ்போர்ட் இந்தியாதான். பலபேர் ரெனோன்சான்னா பிரான்ஸ் பிரஜைன்னு நினைச்சுக்கறாங்க, அது வேற. புதுச்சேரியை இந்தியாவுக்குக் குடுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தவங்க பிரான்ஸ் பிரஜையா இருந்தாங்க, எங்க தாத்தா எழுதல. ஆனா இந்து திருமணச் சட்டம், இந்து வாரிசுரிமைச் சட்டம் ரெண்டுலயும் புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாதுன்னு ஒரு வரி சேர்த்திருக்காங்க, போய்ப் பாருங்க. அதனால எங்களுக்கு சொத்து விஷயம் இன்னும் அந்தப் பழைய சிவில் சட்டம்தான். அதுல அப்பா நினைச்சா கூட பிள்ளைங்களை வெறுங்கையோட விட முடியாது. ஒரு பிள்ளைன்னா பாதிச் சொத்தைத்தான் இஷ்டப்பட்டவங்களுக்கு எழுதலாம், ரெண்டு பிள்ளைன்னா மூணுல ஒரு பங்கு, மூணு இல்ல அதுக்கு மேலன்னா நாலுல ஒரு பங்கு. மீதி பிள்ளைங்களுக்கு, ஆண் பெண் வித்தியாசம் இல்ல. பக்கத்து வீட்டு முதலியார் மாமா சுயசம்பாத்தியத்தை முழுசா கோயிலுக்கு எழுதி வெச்சுட்டுப் போனார், பிள்ளைங்க ஒண்ணும் பண்ண முடியல. நடுவுல ஒரு மதில் சுவர்தான்.

வேடிக்கை என்னன்னா பிரான்ஸ்லயே அந்தச் சட்டம் இப்ப அப்படி இல்ல, நிறைய மாத்திட்டாங்க. எங்களுக்கு 1962 ஆகஸ்ட் 16ல எப்படி இருந்துச்சோ அப்படியே நின்னுடுச்சு, நின்னுபோன கடிகாரம் மாதிரி.

பழைய_நாசர்:
அம்மா சரியான இடத்துல போட்டீங்க. நான் ஆஸ்டினைப் பத்தி சொல்ல வந்து விட்டது இதுதான். ஆணை போட்டவன் கப்பல் ஏறிப் போயிட்டான். 1954 நவம்பர் 1ல நிர்வாகத்தைக் குடுத்தான், 1956 மே 28ல ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16ல சட்டப்படியும் குடுத்தான். அவன்கிட்ட இங்க ஒரு போலீஸ்கூட கிடையாது. ஆனா ஆணை மட்டும் ரெக்கார்டு ரூம்ல கால்மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கு. ஏன்? இருக்கற சட்டம் மாத்தற வரைக்கும் தொடரும்னு 1962 நிர்வாகச் சட்டத்துல நம்ம பார்லிமெண்ட்டே எழுதுச்சு. இபிகோ மாதிரி மத்திய சட்டங்களை 1963லயும் 1968லயும் கொத்துக் கொத்தா இங்க நீட்டினாங்க, நீட்டாம விட்டது விட்டபடி இருந்துச்சு. லத்தி கதைப்படி பாத்தா லத்தி போனதும் சட்டம் போயிருக்கணும், போகல. நான் சேர்ந்த புதுசுல பழைய கட்டுங்களைப் பிரிச்சா எல்லாம் பிரெஞ்சு, ஊதா மை, படிக்க ஒரே ஒரு பெரியவர், அவர் லீவு போட்டா அன்னிக்கு கேஸ் வாய்தா.

பாகூர்_வக்கீல்:
பாடத்துக்கு ஒரு துணுக்கு சேர்த்துக்கோங்க கெடிலக்கரை. "சிவில் லா"ன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு கிரிமினலுக்கு எதிர்ப்பதம். இன்னொண்ணு பிரெஞ்சுக்காரன் வழி, எல்லாத்தையும் ஒரே தொகுப்பா எழுதி வெச்சு ஜட்ஜ் அதைப் படிச்சு தீர்ப்பு சொல்றது. அதுக்கு எதிர்ல இங்கிலீஷ்காரன் வழி காமன் லா, பழைய தீர்ப்பை வெச்சு புது தீர்ப்பு. பரீட்சைல இதைக் குழப்பி நிறைய பேர் மார்க் விடறாங்க. உங்க ஊர்ல தேவனாம்பட்டினம் கோட்டையை இங்கிலீஷ்காரன் 1690ல வாங்கினான், இங்க பிரெஞ்சுக்காரன். சுமார் 20 கிலோமீட்டருக்குள்ள ரெண்டு சட்டக் குடும்பம் குடித்தனம் பண்ணியிருக்கு, உலகத்துல எங்கயோ தேட வேண்டாம், உங்க பஸ் ரூட்டுலயே இருக்கு. இன்னொண்ணு, சில சட்டம் மண்ணோட ஒட்டும், சில சட்டம் ஆளோட ஒட்டும். மதுவிலக்கு மண்ணோட ஒட்டறது, எல்லை தாண்டினா உதிர்ந்துடும். மேடத்தோட வாரிசுச் சட்டம் ஆளோட ஒட்டறது.

கெடிலக்கரை:
எல்லாரும் இவ்வளவு சொன்னப்புறம் மறைக்க கூச்சமா இருக்கு. பரீட்சை உண்மைதான், ஆனா அதுக்காக மட்டும் கேக்கல. எங்க தாத்தா 1998ல உயில் எழுதாம இறந்துட்டார், பாட்டி 2009ல. பிள்ளைங்க ரெண்டே பேர், எங்கப்பா, அத்தை. வண்டிப்பாளையத்துல ஒரு வீடு, அது தாத்தாவோட அப்பா காலத்து வீடு. பாகூர்ல கொஞ்சம் நிலம், தாத்தா 1951ல வாங்கினது, பத்திரம் பிரெஞ்சுல இருக்கு. இப்ப அத்தை பங்கு கேக்கறாங்க. அத்தைக்கு 1984ல கல்யாணம் ஆச்சு. அப்பா சொல்றார், கட்டிக் குடுத்த பொண்ணுக்கு பங்கு இல்ல, பொண்ணுக்கும் பூர்வீகத்துல பங்குன்ற 2005 சட்டம் வரும்போது தாத்தா உயிரோட இல்ல, அது மட்டும் இல்லாம தாத்தா காலத்துலயே வாய்ப்பேச்சா பிரிச்சாச்சு, கூர்சீட்டு (யாருக்கு எந்தப் பங்குன்னு எழுதின பேப்பர்) இருக்குன்றார். நான் வக்கீலுக்குப் படிக்கறேன்னு ரெண்டு பேரும் என்னையே கேக்கறாங்க. அப்பாவும் அத்தையும் பொங்கலுக்கு அப்புறம் பேசல.

பத்திரக்காரர்:
தம்பி கூர்சீட்டு ரெஜிஸ்டர் ஆயிருக்கா? எத்தனை ரூபா பத்திரம்? யார் யார் கையெழுத்து?

கெடிலக்கரை:
20 ரூபா பத்திரம். ரெஜிஸ்டர் இல்ல. தாத்தா, அப்பா, ரெண்டு சாட்சி. அத்தை கையெழுத்து இல்ல.

பத்திரக்காரர்:
ம். இந்த மாதிரி பேப்பர் மாசம் பத்து பாக்கறேன். அத்தை கையெழுத்து இல்லன்னு சொல்லும்போதே கதை தெரிஞ்சு போச்சு.

பாகூர்_வக்கீல்:
ரெண்டு சொத்தையும் ஒரே மூட்டைல கட்டாதீங்க, நீங்க கேட்டீங்களே வகை பிரிச்சு என்ன லாபம்னு, இங்கதான் லாபம். முதல்ல வண்டிப்பாளையம் வீடு, பூர்வீகம். வாரிசுரிமை மத்திய அரசும் மாநிலமும் ரெண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியல்ல இருக்கறதால தமிழ்நாடு 1989லயே தனியா திருத்தம் போட்டு பெண்ணுக்கும் பூர்வீகத்துல பிறப்புரிமை குடுத்துச்சு, ஆனா 1989 மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லன்னுச்சு. உங்கப்பா சொல்ற "கட்டிக் குடுத்த பொண்ணு" அங்கேர்ந்து வருது, அவர் பொய் சொல்லல, பழைய சட்டத்தைப் பிடிச்சிட்டு நிக்கறார். 2005 செப்டம்பர் 9ல மத்திய திருத்தம் வந்துச்சு, அதுல கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்கன்னு பிரிக்கல. அப்பா உயிரோட இருந்திருக்கணுமான்னு ரொம்ப நாள் சண்டை, 2020 ஆகஸ்ட் 11ல வினீதா சர்மா வழக்குல உச்ச நீதிமன்றம் வேண்டாம்னுடுச்சு, உரிமை பிறப்பால வருதுன்னுச்சு. பாகப்பிரிவினைன்னா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி ரெஜிஸ்டர் பண்ணியிருக்கணும், இல்லன்னா கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) இருக்கணும். வாய்ப்பேச்சுன்னு சொன்னா லேசுல ஏத்துக்க மாட்டாங்க, அரசாங்க ஆவணம் பின்னாடி நிக்கணும். பட்டாவோ வரி ரசீதோ அப்போலேர்ந்து தனித்தனியா மாறியிருக்கா?

கெடிலக்கரை:
இல்ல சார். வரி ரசீது இன்னும் தாத்தா பேர்லயே வருது.

பாகூர்_வக்கீல்:
அப்ப உங்கப்பா கையாலயே கூர்சீட்டுக்கு எதிர் சாட்சி கட்டிட்டு வரார், வருஷா வருஷம்.

பாகூர் நிலம் வேற கதை. அதுக்கு 2005 சண்டையே தேவையில்ல. உங்க குடும்பம் ரெனோன்சான் இல்லல்ல? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963லேர்ந்து புதுச்சேரிக்கும் உண்டு. தாத்தா தன் காசுல வாங்கினதுன்னா, உயில் இல்லாம இறந்தா 8வது பிரிவு, மனைவி, மகன், மகள் மூணு பேருக்கும் சமம், பாட்டி பங்கும் பின்னாடி மகனுக்கும் மகளுக்கும் சமம். ஆக பாதிப் பாதி. இது 1956லேர்ந்து இருக்கற சட்டம், பொண்ணுக்கு கல்யாணம் ஆச்சா ஆகலையான்ற பேச்சே கிடையாது. இதுல பழைய புதுச்சேரி இந்து வழக்கமே ஒரு வினோதம், பிரெஞ்சு கோர்ட்டுங்க மகனுக்கு பிறப்புரிமைன்றதை ஒத்துக்கல, அப்பா இருக்கற வரைக்கும் சொத்து முழுக்க அப்பாவோடதுன்னாங்க. அதனால "நான் பிறந்ததுமே பாதி என்னோடது"ன்னு உங்கப்பா பாகூர் பக்கம் நின்னு சொன்னா எடுபடறது கஷ்டம். தாத்தா காசா, முப்பாட்டன் காசான்னு அந்த 1951 பத்திரம் என்ன சொல்லுதுன்னு பாருங்க, அதுதான் முதல் வேலை.

வெள்ளிக்கடற்கரை:
நடுவுல வரதுக்கு மன்னிக்கணும். பேசினேன். 80,000க்கு புதுசா எழுதிக் குடுத்துட்டான், மாசம் 4,000. முதல் தவணை வந்துச்சு. லத்தி வாபஸ் இல்ல, ஆனா பாதி இறக்கி வெச்சிருக்கேன்.

சொல்தாபேத்தி:
கெடிலக்கரை தம்பி, பத்திரத்தை போட்டோ எடுத்து தனிமடல்ல அனுப்புங்க, நான் படிச்சு சொல்றேன். பொதுவுல போடாதீங்க.

சொல்தாபேத்தி:
படிச்சுட்டேன், தம்பி அனுமதியோட இங்க எழுதறேன். நொத்தேர் (பிரெஞ்சு நோட்டரி) முன்னாடி எழுதின பத்திரம், மூணு பக்கம், கையெழுத்து கொஞ்சம் கிறுக்கல்தான். ரெண்டாவது பக்கத்துல நடுவுல இருக்கு, "த செ தெனியே பெர்சொனேல்". தன் சொந்தக் காசுலன்னு அர்த்தம். கிரயத் தொகையை அங்கேயே எண்ணிக் குடுத்தார்னும் இருக்கு. வாங்கறவர் விவசாயின்னு போட்டிருக்கு.

பாகூர்_வக்கீல்:
அந்த வரி ஒண்ணை வெச்சே எல்லாம் முடிஞ்சிடாது, யாராவது மறுத்தா நிரூபிக்கணும். ஆனா ஆரம்பத்துக்கு இது போதும். அப்பாகிட்ட கேஸ் நம்பர் எல்லாம் பேசாதீங்க, பத்திரத்தை மட்டும் காட்டுங்க.

பத்திரக்காரர்:
ஒத்துப் போச்சுன்னா பாகப்பிரிவினைப் பத்திரமா எழுதி ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, குடும்பத்துக்குள்ளன்றதால முத்திரைக் கட்டணம் கிரயம் மாதிரி எகிறாது. வீடு கடலூர்லயும் நிலம் பாகூர் பக்கமும் இருக்கறதால ரெண்டு பக்கமும் ஆபீஸ் ஏற வேண்டி வரும், முன்னாடியே வில்லங்கம் போட்டு வெச்சுக்கோங்க. இன்னொரு 20 ரூபா பேப்பர் மட்டும் வேணாம்.

கெடிலக்கரை:
அப்பாகிட்ட நேத்து ராத்திரி காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பாத்தார், ஒரு எழுத்து புரியாது அவருக்கு. "எங்கப்பன் மூட்டை தூக்கி வாங்கினது"ன்னு மட்டும் சொன்னார், அதுக்கப்புறம் சாப்பிட வந்துட்டார். சம்மதம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. காலைல எழுந்து பாத்தா கூர்சீட்டை பீரோலேர்ந்து எடுத்து டேபிள் மேல வெச்சிருக்கார், எதுக்குன்னு கேக்கல நான்.

அத்தைக்கு போன் போட்டு பிரெஞ்சு வரியைச் சொன்னேன். பங்கைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பத்திரத்துல தாத்தா கையெழுத்து தமிழ்லயா பிரெஞ்சுலயான்னு கேட்டாங்க. தமிழ்லதான் அத்தை, பேர்ல கடைசி "ன்"க்கு பதிலா மூணு சுழி "ண்" போட்டிருக்கார்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "கடைசி வரைக்கும் அப்படித்தான் போடுவாரு, என் ரிப்போர்ட் கார்டுல எல்லாம் அதான் இருக்கும்"னாங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாக்கறாங்களாம்.